கார்ட்டூன் வீசலில் உண்மையான வீசலைக் கண்டறிவது எப்படி?

வீசல் (weasel) என்பது நீண்டு ஒல்லியான உடலுடைய ஒரு சிறு ஊனுண்ணி விலங்கு. கார்ட்டூன்களில் வீசல் வந்தால் அது பெரும்பாலும் திருடனாகவோ, யாரோ ஒரு வில்லனின் அடியாளாகவோ, கும்பலாக வந்து அடுத்தவர் மாளிகையைப் பிடித்துக்கொள்ளும் போக்கிரியாகவோதான் வருகிறது. அந்தப் பாத்திரத்தில் எவ்வளவு விலங்கியல் இருக்கிறது, எவ்வளவு கற்பனை இருக்கிறது என்று பிரித்தறிய விரும்புவோருக்காக இதை எழுதுகிறேன். படம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே "இது நிஜமாகவே இப்படித்தான் செய்யுமா?" என்று கேட்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கும், விலங்குப் பாத்திரங்களை வரையப் பழகும் அனிமேஷன் மாணவர்களுக்கும் இது பயன்படும். என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஓவியர்கள் வீசலின் உடலையும் அசைவையும் மிகக் கூர்மையாகக் கவனித்திருக்கிறார்கள். அதன் முகத்தையும் சமூக வாழ்வையும் ஏறக்குறைய முழுக்க இட்டுக்கட்டியிருக்கிறார்கள். பேராசை, கொடூரம், திருட்டுப் புத்தி என்று அவர்கள் காட்டும் குணங்களோ, மிக ஒல்லியான ஓர் உடலைப் பட்டினியிலிருந்து காப்பாற்ற அந்த விலங்கு மேற்கொள்ளும் பழக்கங்களின் திரிந்த வடிவங்கள்.

எந்த விலங்கு என்பதை முதலில் தீர்மானியுங்கள்

வீசல், ஸ்டோட், போல்கேட், ஃபெரட் ஆகிய நான்கும் முஸ்டெலா என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. இவற்றுள் சிறு வீசல், ஊனுண்ணி வரிசைப் பாலூட்டிகளிலேயே உலகின் மிகச் சிறியது. ஐரோப்பாவில் அதன் பெண் விலங்கு பெரும்பாலும் 100 கிராம் எடையைக்கூட எட்டுவதில்லை. ஸ்டோட் அதைவிடப் பெரியது. அதன் வால் நுனி எல்லாப் பருவத்திலும் கறுப்பாகவே இருக்கும். போல்கேட் இன்னும் கனமானது. கண்களைச் சுற்றி முகமூடி அணிந்ததுபோன்ற கருமை உடையது. அந்தப் போல்கேட்டிலிருந்து மனிதர் பழக்கி உருவாக்கிய வீட்டு விலங்கே ஃபெரட். முயல் வளைகளுக்குள் ஃபெரட்டை இறக்கி முயலை வெளியே விரட்டும் வேட்டை முறை ஐரோப்பாவில் 2,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமை உடையது. கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ அதை விவரித்திருக்கிறார்.

நம் ஊர்ப் பார்வையாளர்கள் திரையில் வீசலைக் கண்டதும் கீரி என்று எண்ணிவிடுவது இயல்பு. நீண்ட உடலும் குட்டைக் கால்களும் துறுதுறுப்பும் ஒத்திருப்பதால் இந்த மயக்கம் ஏற்படுகிறது. ஆனால் கீரி ஊனுண்ணி வரிசையில் பூனையும் கழுதைப்புலியும் இருக்கும் கிளையைச் சேர்ந்தது, வீசலோ நாயும் கரடியும் இருக்கும் கிளையைச் சேர்ந்தது. 1988இல் வெளியான 'ஹூ ஃபிரேம்டு ரோஜர் ராபிட்' படத்தில், ஓயாமல் சிரிக்கும் வீசல் அடியாட்களைக் கழுதைப்புலிகளின் உறவினர் என்ற பொருள்பட அவர்களுடைய தலைவன் திட்டுவான். அந்த வசை கீரிக்குத்தான் ஓரளவு பொருந்தும். முஸ்டெலா பேரினத்து விலங்குகளை இந்தியாவில் காண இமயமலைப் பகுதிக்குத்தான் செல்ல வேண்டும். தமிழ்நாட்டில் அந்தப் பேரினம் அடங்கிய குடும்பத்திலிருந்து நமக்கு வாய்த்தவை நீர்நாய்களும், மேற்குத் தொடர்ச்சி மலையில் அரிதாகத் தென்படும் நீலகிரி மார்ட்டெனும் போன்ற சிலவே.

ஆகவே ஒரு கார்ட்டூனைப் பார்க்கத் தொடங்கும்போது வாலையும் கண்களையும் கவனியுங்கள். வால் நுனி கறுப்பாக இருந்தால் ஓவியர் மனத்தில் இருந்தது ஸ்டோட். முகத்தில் கறுப்பு முகமூடி இருந்தால் போல்கேட் அல்லது ஃபெரட். உடல் முழுவதும் வெள்ளையாக இருந்தால் கண்ணின் நிறம் விடை சொல்லும்: கறுப்புக் கண்ணானால் அது குளிர்காலத்தில் வெண்ணிறத்துக்கு மாறும் ஸ்டோட்டாகவோ வடபகுதி வீசலாகவோ இருக்கலாம்; இளஞ்சிவப்புக் கண்ணானால் அது பெரும்பாலும் நிறமியில்லாத ஃபெரட். படம் எடுத்தவர்கள் இந்த வேறுபாடுகளைப் பொருட்படுத்தாமல் எல்லாவற்றையும் கலந்துகட்டியிருப்பதும் உண்டு. அப்படியானால் அதையும் ஒரு குறிப்பாக எழுதிக்கொள்ளுங்கள், ஏனெனில் பின்னால் நடத்தையை ஒப்பிடும்போது எந்த விலங்கோடு ஒப்பிடுவது என்பது முக்கியமாகிவிடும்.

ஒலியை நிறுத்திவிட்டு அசைவை மட்டும் பாருங்கள்

ஒரு வீசல் பாத்திரத்தை மதிப்பிடுவதற்கு மிகச் சிறந்த வழி, குரலையும் இசையையும் நிறுத்திவிட்டு, ஓடும் காட்சியைக் கால் பங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பார்ப்பது. குரல் நடிகரின் திறமை நம்மை எளிதில் ஏமாற்றிவிடும். ஒலியில்லாத காட்சியில் அந்த ஏமாற்றுக்கு இடமில்லை.

உண்மையான வீசல் வேகமாகச் செல்லும்போது நாயைப்போல் கால்களை மாற்றி மாற்றி வைத்து ஓடுவதில்லை. முன்கால்கள் இரண்டும் ஏறக்குறைய ஒருசேர நிலத்தில் ஊன்றுகின்றன; முதுகு வில்லாக வளைந்து மேலெழுகிறது; பின்கால்கள் முன்கால்கள் விட்டுச்சென்ற அதே தடங்களில் வந்து விழுகின்றன; உடனே உடல் முழுவதும் நீண்டு அடுத்த பாய்ச்சல் தொடங்குகிறது. பனியில் அதன் தடம் இணை இணையாகத் தென்படுவதற்கு இதுவே காரணம். அனிமேஷன் கலையின் அடிப்படைப் பாடங்களில் ஒன்று, உருவத்தை அமுக்கியும் நீட்டியும் வரைந்து அதற்கு உயிரூட்டுவது. மற்ற விலங்குகளுக்கு அது மிகைப்படுத்தல். வீசலுக்கு அது கண்ணால் கண்டதை அப்படியே வரைவது. கார்ட்டூன் ஓவியர்களுக்கு இந்த விலங்கின்மீது நீங்காத ஈர்ப்பு இருப்பதற்கு, அதன் கெட்ட பெயரைவிட இந்த முதுகெலும்பே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

அடுத்துப் பார்க்க வேண்டியது, பாத்திரம் நேர்கோட்டில் செல்கிறதா என்பதை. உண்மையான வீசல் வேட்டைக்குச் செல்லும்போது இடமும் வலமுமாகத் திரும்பித் திரும்பி, வழியில் இருக்கும் ஒவ்வொரு பொந்திலும் தலையை நுழைத்துப் பார்த்துவிட்டே நகர்கிறது. இடையிடையே பின்கால்களில் நிமிர்ந்து நின்று சுற்றிலும் பார்க்கிறது. ஆளைக் கண்டு கல்லிடுக்கில் மறைந்த ஸ்டோட், சற்று நேரத்தில் வேறோர் இடுக்கிலிருந்து தலையை நீட்டி அந்த ஆளையே ஆராயும். கையின் பின்புறத்தில் உதடுகளை அழுத்தி எலிக்குஞ்சு போன்ற கீச்சொலி எழுப்பினால் அது நெருங்கி வருவதும் உண்டு என்பதை இங்கிலாந்தின் இயற்கை ஆர்வலர்கள் நெடுங்காலமாக அறிவார்கள். கார்ட்டூன் வீசல் கதவிடுக்கு வழியாகத் தலையை நீட்டி நீட்டி இழுத்துக்கொள்வது சதிகாரனின் அடையாளமாக நமக்குக் காட்டப்படுகிறது. அந்த அசைவு உண்மையானது. அதற்குக் கற்பிக்கப்படும் நோக்கம்தான் பொய். அது வெறும் ஆர்வக் கோளாறு.

இடுக்கு என்ற சொல்லை இங்கே சற்று விரித்துரைக்க வேண்டும். வீசலின் மண்டையோடு எந்தத் துளைக்குள் நுழைகிறதோ அந்தத் துளைக்குள் அதன் உடல் முழுவதும் நுழைந்துவிடும். பெண் வீசல் வோல் எலிகளை அவற்றின் சுரங்க வழிகளுக்குள்ளேயே துரத்திச் சென்று பிடிக்கிறது. 2016இல் வந்த 'ஸூடோபியா' படத்தில் டியூக் வீசல்டன் என்ற திருடனைக் காவல் முயல் ஜூடி துரத்தும் காட்சி, எலிகள் வாழும் குட்டி நகரத்துக்குள் நடக்கிறது. துரத்தப்படும் வீசல் தஞ்சம் புகுவதற்கு எலிகளின் குடியிருப்பைத் தேர்ந்தெடுத்தது தற்செயலாக இருந்தாலும் சரி, திட்டமிட்டதாக இருந்தாலும் சரி, விலங்கியல்படி அதைவிடப் பொருத்தமான இடம் இருக்க முடியாது. ஆனால் அளவை மட்டும் நம்பாதீர்கள். படத்தில் அந்த வீசல் எலிகளின் கட்டடங்களுக்கு மேலே ஓங்கி நிற்கிறது. உண்மையில் பெண் சிறு வீசல் தன் இரையான வோல் எலியைவிட இரண்டு மூன்று மடங்கு எடை மட்டுமே கூடியது. இன்னொன்றையும் கவனிக்கலாம்: அந்தக் காட்சியின் நகைச்சுவையே தலைகீழாக்கலில்தான் இருக்கிறது. இயற்கையில் முயலைத் துரத்துவது ஸ்டோட். துரத்தப்படும் முயல் சில வேளைகளில் ஓடும் ஆற்றலே இழந்து உறைந்து நின்றுவிடுவதும் பதிவாகியிருக்கிறது.

பசியையும் கொலையையும் சேர்த்து எடைபோடுங்கள்

கார்ட்டூன் வீசலுக்கு எப்போதும் பசி. வார்னர் பிரதர்ஸின் கோழிப்பண்ணைக் கார்ட்டூன்களில் 1950களில் வந்த வீசல், வாயில் எச்சில் ஒழுக, தன்னைப்போல் பல மடங்கு பெரிய சேவலை இழுத்துச் செல்லப் பார்க்கும். இதைப் பேராசையைக் கேலி செய்யும் காட்சி என்று மட்டும் எடுத்துக்கொண்டால் பாதி உண்மை தவறிப்போகும்.

ஒரே எடையுள்ள இரண்டு விலங்குகளில் ஒன்று உருண்டையாகவும் மற்றொன்று நீண்டு ஒல்லியாகவும் இருந்தால், ஒல்லியான விலங்கின் தோற்பரப்பு கூடுதல். அதனால் அது இழக்கும் வெப்பமும் கூடுதல். வீசலின் மயிரும் குட்டையானது. குளிரில் மற்ற விலங்குகள் உருண்டு சுருண்டு வெப்பத்தைக் காத்துக்கொள்கின்றன. வீசலால் தட்டையான வட்டமாகச் சுருள முடியுமே தவிர முழு உருண்டையாக முடியாது. 1972இல் வெளியான ஓர் ஆய்வு, குளிர்ச் சூழலில் வீசல்களின் வளர்சிதை மாற்ற வேகம், அதே எடையுள்ள சாதாரண உடலமைப்புப் பாலூட்டிகளுடையதைவிட 50 முதல் 100 சதவீதம் வரை கூடுதல் என்று அளந்து காட்டியது. எலி வளைக்குள் நுழையும் வசதிக்கு வீசல் கொடுக்கும் விலை இது. உடல் எடையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை அது நாள்தோறும் உண்ண வேண்டியிருக்கிறது; ஒரு நாள் முழுவதும் இரை கிடைக்காவிட்டாலே உயிருக்கு ஆபத்து. வீட்டு ஃபெரட்டுக்கும் குடல் குட்டையானது. உண்டது மூன்று நான்கு மணி நேரத்தில் உடலைக் கடந்து வெளியேறிவிடும். ஆகவே எச்சில் ஒழுகும் கார்ட்டூன் வீசலைக் காணும்போது, பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுக்கலாம். பேராசை என்ற சொல்லுக்கு அங்கே வேலை இல்லாமல் போகும்.

தன்னைவிடப் பெரிய இரையைத் தாக்குவதும் உண்மையே. ஸ்டோட் தன்னைவிடப் பல மடங்கு எடையுள்ள முயலைப் பின்கழுத்தில் கடித்துக் கொல்லும். 2015இல் கிழக்கு லண்டனின் ஹார்ன்சர்ச் பூங்காவில் எடுக்கப்பட்ட ஒரு புகைப்படம் உலகமெங்கும் பரவியது: பறந்துகொண்டிருக்கும் பச்சை மரங்கொத்தியின் முதுகில் ஒரு சிறு வீசல் தொற்றிக்கொண்டிருந்தது. சவாரி என்று பலர் ரசித்த அந்தக் காட்சி உண்மையில் வேட்டை முயற்சி, மரங்கொத்தி தப்பிவிட்டது. 2009இல் வந்த 'ஐஸ் ஏஜ்' தொடரின் மூன்றாம் படத்தில், ஒற்றைக் கண் வீசலான பக், நிலத்தடி உலகத்தில் பேரியோனிக்ஸ் இனத்து டைனோசர் ஒன்றோடு தனியாக மல்லுக்கட்டிக்கொண்டிருப்பான். அந்தச் சண்டையின் அளவு பொய், மனப்பாங்கு மெய். கார்ட்டூன் வீசல்களில் என் தேர்வு எது என்று கேட்டால் பக்கைத்தான் சொல்வேன். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதைக் கும்பல் பற்றிய பகுதியில் சொல்கிறேன்.

கொடூரம் என்ற குற்றச்சாட்டுக்கு அடிப்படையாக இருப்பது கோழிக்கூடு. வீசலோ ஸ்டோட்டோ கோழிக்கூட்டுக்குள் புகுந்துவிட்டால், பசிக்கு ஒன்று போதும் என்று நிறுத்தாமல் கண்ணில் பட்ட எல்லாவற்றையும் கொல்லக்கூடும். காலையில் கதவைத் திறக்கும் பண்ணையாருக்கு அது வெறியாட்டமாகத் தெரியும். காட்டில் ஓர் இரை வீழ்ந்ததும் மற்றவை ஓடி மறைந்துவிடுகின்றன. கொல்லத் தூண்டும் அசைவு அத்தோடு நின்றுபோகிறது. கூட்டுக்குள் கோழிகள் ஓட வழியின்றிச் சிறகடித்துக்கொண்டே இருப்பதால் தூண்டுதல் நிற்பதே இல்லை. அதோடு, மிஞ்சிய இரையை வளைக்குள் சேர்த்துவைத்துக் குளிர்நாட்களில் உண்பது இந்த விலங்குகளின் வழக்கம். கொன்றதை எடுத்துச் செல்ல விடாமல் மனிதர் வந்துவிடுவதால் சேமிப்பாக வேண்டியது வீண் கொலையாகத் தோற்றமளிக்கிறது. வீசல் இரத்தத்தை உறிஞ்சிக் குடிக்கும் என்ற கதையும் இப்படிப் பிறந்ததே. கழுத்தில் பற்குறியும் இரத்தமும் இருக்க, உடல் தின்னப்படாமல் கிடப்பதைப் பார்த்தவர்கள் இரத்தம் குடித்தது என்று முடிவுகட்டினார்கள். வீசலுக்கு அப்படி உறிஞ்சிக் குடிக்கும் பழக்கம் கிடையாது.

இந்த விலங்குகளைக் குற்றமற்றவை என்று நிறுவ முனைவதும் பிழையாகும். முயல்களைக் கட்டுப்படுத்துவதற்காக 1880களில் நியூசிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட ஃபெரட், ஸ்டோட், வீசல் மூன்றும், அவற்றை எதிர்கொள்ளப் பழகியிராத அந்நாட்டுப் பறவைகளுக்குப் பேரழிவாக முடிந்தன. 2050க்குள் இவற்றை நாட்டிலிருந்து அகற்றுவது அந்நாட்டு அரசின் அறிவிக்கப்பட்ட இலக்குகளுள் ஒன்று. ஜப்பானிலும் எலிகளை ஒழிப்பதற்காகத் தீவுகளில் விடப்பட்ட வீசல்கள் உள்ளூர்ப் பல்லியினங்களையும் பறவைகளையும் குறைத்துவிட்டன. 1975இல் அங்கே வெளியான, எலிகளைக் கதைத் தலைவர்களாகக் கொண்ட 'கம்பாவின் சாகசம்' தொடரில், ஒரு தீவையே நடுங்கவைக்கும் நோரோய் என்ற வெள்ளை வீசல், கார்ட்டூன் உலகின் மிக அச்சமூட்டும் வீசல் எனலாம். ஓர் எலியின் கண்ணால் பார்த்தால் அந்தச் சித்திரிப்பில் மிகை அதிகமில்லை.

திருட்டையும் வீடு பறிப்பையும் தனித்தனியாகச் சோதியுங்கள்

திருட்டு என்னும் குணத்தை ஓவியர்கள் எடுத்தது ஃபெரட்டிடமிருந்து என்று தயங்காமல் கூறலாம். வீட்டில் வளரும் ஃபெரட் சாவிக்கொத்து, காலுறை, அழிப்பான், ரப்பர் பொம்மை என்று வாயில் அகப்படுவதை எல்லாம் இழுத்துச் சென்று நாற்காலிக்கு அடியிலோ அலமாரிக்குப் பின்னாலோ குவித்துவைக்கும். நாம் எடுத்து வேறிடத்தில் வைத்தால் மறுபடியும் கொண்டுவந்து அதே குவியலில் சேர்க்கும். இரையைப் பதுக்கும் பழக்கம், இரை தேடத் தேவையில்லாத வீட்டுச் சூழலில் இப்படி வெளிப்படுகிறது. ரப்பர்த் துண்டுகளை விழுங்கிக் குடலடைப்பு ஏற்பட்டு இறக்கும் ஃபெரட்டுகளும் உண்டு என்பதால், இதை வெறும் வேடிக்கையாக எடுத்துக்கொள்ள வளர்ப்பவர்களால் முடிவதில்லை. திரையில் டியூக் வீசல்டன் பூக்கடையிலிருந்து பை நிறையக் கிழங்குகளைத் திருடிக்கொண்டு ஓடுவதைப் பார்க்கும்போது, அவன் அவற்றை விற்கப் போகிறான் என்ற பகுதியை நீக்கிவிட்டால், எஞ்சும் காட்சி ஓர் ஃபெரட்டின் சாதாரண நாளாகும்.

வீடு பறிப்பு இதைவிடச் சுவையானது. 1908இல் கென்னத் கிரகாம் எழுதிய 'த விண்ட் இன் த வில்லோஸ்' நாவலில், தேரையார் என்ற பாத்திரம் சிறையில் இருக்கும் காலத்தில் அவருடைய மாளிகையை வீசல்களும் ஸ்டோட்களும் ஃபெரட்களும் கைப்பற்றிக்கொள்கின்றன. டிஸ்னி 1949இல் அதைக் கார்ட்டூனாக்கியபோது ஒரு மதுக்கடைக்காரனை வீசல்களுக்குத் தலைவனாக்கியது. இது கற்பனையின் உச்சம்போல் தோன்றும். ஆனால் உண்மையான வீசல் தனக்கென வளை தோண்டும் வழக்கம் உடையதன்று. எலியையோ மோல் எனும் அகழெலியையோ கொன்று அல்லது விரட்டிவிட்டு அதன் வளையிலேயே குடியேறுகிறது. குளிர்நாட்டில் அந்த வளையின் உட்புறத்தில் கொன்ற எலிகளின் மயிரையே மெத்தையாகப் பரப்பிக்கொள்கிறது. கறையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்ததுபோல என்று நாம் சொல்லும் பழமொழியை அதற்கும் சூட்டலாம். அந்த 1949 படத்தில் மாளிகையைப் பிடித்த வீசல்கள் கும்மாளத்துக்குப் பின் அசந்து தூங்க, கதைத் தலைவர்கள் உள்ளே நுழைகிறார்கள். இதுவும் ஃபெரட் வளர்த்தவர்களுக்குப் பழக்கமான காட்சி. ஃபெரட் நாளொன்றுக்கு 14 முதல் 18 மணி நேரம் தூங்குகிறது. சில வேளைகளில் தூக்கிப் பிடித்து அசைத்தாலும் எழாத அளவுக்கு ஆழ்ந்து தூங்கி, வளர்ப்பவரைப் பதறவைக்கிறது.

கும்பலை நம்பாதீர்கள்

கார்ட்டூன் வீசல்கள் கூட்டமாக வருவதே வழக்கம். ரோஜர் ராபிட் படத்தில் அவர்கள் ஐவர். 1977 முதல் வட கொரியாவில் தயாரிக்கப்பட்ட 'அணிலும் முள்ளெலியும்' தொடரில் அவர்கள் ஒரு படையாகவே வருகிறார்கள். எலிகள் அவர்களுக்குக் கூட்டாளிகள். அரசியல் உருவகமாக அதற்குப் பொருள் இருக்கலாம். விலங்கியலில் எலியும் வீசலும் ஒரே அணியில் நிற்பதற்கு இடமே இல்லை.

வீசலும் ஸ்டோட்டும் தனித்து வாழும் விலங்குகள். ஆணும் பெண்ணும் இனப்பெருக்கத்துக்காக மட்டும் சந்திக்கின்றன. மற்ற நாட்களில் தன் எல்லைக்குள் இன்னொன்று வருவதை விரும்புவதில்லை. தாயும் வளர்ந்த குட்டிகளும் சில வாரங்கள் ஒன்றாகத் திரிவதுண்டு. வீசல் கூட்டம் ஒன்று புதரிலிருந்து பாய்ந்து வந்தது என்று ஐரோப்பியக் கிராமப்புறங்களில் வழங்கும் கதைகளுக்கு அந்தக் குடும்ப ஊர்வலம் காரணமாக இருக்கலாம். வீட்டு ஃபெரட்டுகள் மட்டும் இதற்கு விலக்கு. அவை ஒன்றின்மேல் ஒன்று குவிந்து தூங்கும், சேர்ந்து விளையாடும். ஆகவே கும்பலைக் காட்டும் கார்ட்டூனுக்கு ஃபெரட்டைக் கொண்டு வேண்டுமானால் சமாதானம் சொல்லலாம்.

பக் பாத்திரத்தை நான் முன்னிறுத்துவதற்கான இரண்டாவது காரணம் இதுதான். அவன் தனியாக வாழ்கிறான், தன் நிலப்பரப்பின் ஒவ்வொரு மூலையையும் அறிந்திருக்கிறான், அந்நியர் நுழைந்தால் உடனே தெரிந்துகொள்கிறான். தனிமையால் அவனுக்குச் சற்றுப் புத்தி பிசகிவிட்டது என்று காட்டி அந்தப் படம் சிரிக்கவைக்கிறது. அது மனிதப் பார்வை. வீசலுக்குத் தனிமை தண்டனையன்று. அதன் இயல்பு நிலையே அதுதான்.

சிரிப்புக்கும் ஆட்டத்துக்கும் மூலத்தைத் தேடுங்கள்

வெறிபிடித்ததுபோல் துள்ளிக் குதிக்கும் வீசல் கார்ட்டூன்களில் அடிக்கடி வரும். இதற்கு நேரான அசல் உண்டு. ஃபெரட் உற்சாகமடைந்தால் முதுகை வளைத்து, வால் மயிரைச் சிலிர்த்துப் புடைக்கவைத்து, வாயைத் திறந்துகொண்டு, பக்கவாட்டிலும் பின்னோக்கியும் தாறுமாறாகத் துள்ளும். சுவரிலும் மேசைக் காலிலும் மோதிக்கொண்டு மறுபடியும் துள்ளும். வளர்ப்பவர்கள் இதை வீசலின் போர் நடனம் என்று அழைக்கிறார்கள். பெயர் போர் என்றிருந்தாலும் இது விளையாட்டுக்கு அழைப்பு. அப்போது தொண்டைக்குள் கொக்கரிப்பது போன்ற ஒரு தொடர் ஒலியையும் எழுப்பும். புதிதாகக் கேட்பவருக்கு அது அடக்கிவைத்த சிரிப்பாகவே தோன்றும். ரோஜர் ராபிட் படத்தின் வீசல்கள் சிரித்துச் சிரித்தே இறந்துபோகிறார்கள் என்ற விசித்திரமான கற்பனையை எழுதியவர்கள் ஃபெரட்டைக் கேட்டுவிட்டு எழுதினார்களா என்பது ஒருபுறம் இருக்க, அந்தச் சிரிப்புக்கும் இந்தக் கொக்கரிப்புக்கும் உள்ள ஒற்றுமையைக் காதால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். இந்த ஓரிடத்தில் மட்டும் ஒலியை மீண்டும் திறந்துவிடுங்கள்.

காட்டில் ஸ்டோட்டும் முயல்களின் எதிரே இப்படித் துள்ளியாடுவதாகவும், முயல்கள் மயங்கி நிற்க அது நெருங்கிப் பாய்வதாகவும் பல பதிவுகள் உள்ளன. இரையை ஏமாற்றும் தந்திரம் என்பது ஒரு கருத்து. மண்டையோட்டின் உட்குழிவுகளில் குடியேறி எலும்பையே சிதைக்கும் ஸ்க்ரியாபிங்கைலஸ் என்ற உருளைப்புழு தரும் வேதனையால் அது அப்படித் துள்ளுகிறது என்பது மற்றொரு கருத்து. எதிரே முயலோ பறவையோ இல்லாதபோதும் ஸ்டோட் துள்ளுவது காணப்பட்டிருப்பதால், எல்லா ஆட்டத்தையும் தந்திரம் என்று கொள்ள நான் தயங்குவேன். கார்ட்டூன்கள் ஐயமின்றி முதல் கருத்தின் பக்கம் நிற்கின்றன, ஏனெனில் வேதனையில் துள்ளும் வில்லனைக் கண்டு யாரும் சிரிக்க மாட்டார்கள்.

முகத்தை அழித்து மீண்டும் வரைந்து பாருங்கள்

வரையத் தெரிந்தவர்களுக்கு இது நல்ல பயிற்சி. கார்ட்டூன் வீசலின் நீண்டு கூரிய மூக்கு, பாதி மூடிய இமைகள், வெளியே துருத்தும் பற்கள் ஆகியவற்றை நீக்குங்கள். அவற்றுக்குப் பதிலாகக் குட்டையான மழுங்கிய மூஞ்சி, தலையோடு ஒட்டிய வட்டக் காதுகள், உருண்டையான கரிய கண்கள் ஆகியவற்றை வையுங்கள். வில்லன் காணாமல் போய்விடுவான். உண்மையான வீசலின் முகம் ஒரு குட்டி விலங்கின் முகத்தை ஒத்தது. தீயவனை அந்த முகத்தோடு காட்டினால் பார்வையாளர் நம்ப மாட்டார் என்பதால் ஓவியர்கள் எலியிடமிருந்தும் நரியிடமிருந்தும் கடன் வாங்கினார்கள். முகமூடி அணிந்த கொள்ளையன் என்ற தோற்றத்துக்கு மட்டும் போல்கேட்டின் முகம் உண்மையிலேயே இடம் கொடுக்கிறது.

இதே விலங்குக்கு ஐரோப்பிய ஓவிய மரபில் நேரெதிரான பெயரும் இருந்தது. குளிர்கால வெள்ளை ஸ்டோட் தூய்மையின் சின்னம்; அதன் தோல், கரிய வால் நுனிகளோடு, அரசர்களின் மேலங்கிகளை அலங்கரித்தது. லியனார்டோ டா வின்சி வரைந்த ஓவியமொன்றில் ஓர் இளம்பெண் அத்தகைய வெள்ளை விலங்கைக் கையில் ஏந்தியிருக்கிறார்; உருவ அளவைப் பார்க்கும் பலர் அதை ஃபெரட் என்றே கருதுகிறார்கள். கார்ட்டூன் உலகில் இந்த மரபுக்கு அருகில் வருவது 1997இல் தொடங்கிய 'ஐ ஆம் வீசல்' தொடர். அதில் வீசல்தான் அறிவாளி, பண்பாளன், எல்லாராலும் மதிக்கப்படுபவன். அவனைக் கண்டு பொறாமைப்படுவது ஒரு பபூன் குரங்கு. கெட்ட பெயரைத் தலைகீழாகத் திருப்பிய இந்தத் தொடரும் விலங்கின் நடத்தையைப் பெரிதாகப் பின்பற்றவில்லை என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஒப்பிடுவதற்கான காணொளிகளைத் தேர்ந்தெடுத்தல்

எளிதில் கிடைப்பவை வீட்டு ஃபெரட் காணொளிகள். பதுக்கல், ஆட்டம், தூக்கம், ஒலி ஆகியவற்றுக்கு அவை போதும். வேட்டை, தனிமை, இடுக்கில் நுழைதல் ஆகியவற்றுக்குக் காட்டு வீசல் அல்லது ஸ்டோட் காணொளிகளையே பார்க்க வேண்டும். வட அமெரிக்கப் புல்வெளிகளின் கருங்கால் ஃபெரட்டும் நல்ல பாடம். 1979 வாக்கில் அழிந்துவிட்டதாகக் கருதப்பட்டு, 1981இல் வயோமிங் மாநிலத்தின் மீட்டீட்ஸி அருகே மீண்டும் கண்டறியப்பட்ட அந்தக் காட்டு விலங்கு, தான் உண்ணும் பிரெய்ரி நாய்கள் என்ற தரை அணில்களின் வளைகளிலேயே வாழ்கிறது. அதை வீட்டு ஃபெரட்டோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. வரைபவர்கள் ஃபெரட்டை மாதிரியாக வைத்து வீசலை வரையும்போது எடையை நினைவில் கொள்ள வேண்டும்: ஃபெரட் 700 கிராம் முதல் 2 கிலோ வரை இருக்கும், சிறு வீசலோ பெரும்பாலும் அதில் பத்தில் ஒரு பங்கு அளவே இருக்கும், ஆகவே அதே துள்ளலை வீசலுக்குக் கொடுக்கும்போது அசைவின் வேகத்தைக் கூட்டி, நிலத்தில் கால் ஊன்றியிருக்கும் நேரத்தைக் குறைத்து வரைய வேண்டும்.